கியூஎம்எல் கம்பைலர் ஆன் பண்ணியும் போர்டுல ஒரு வித்தியாசமும் தெரியல, எங்க தப்பு?

தறிச்சத்தம் எழுதியது:

வணக்கம் நண்பர்களே, ரெண்டு வாரமா மண்டை காஞ்சு போய் இங்க வந்திருக்கேன், போஸ்ட் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

நமக்கு கோயமுத்தூருங்க. ஸ்பின்னிங் மில் மிஷினுக்கு டச் டிஸ்ப்ளே பண்ற சின்ன கம்பெனி, சாஃப்ட்வேர் பக்கம் நான், இன்னொரு பையன், ஒரு டிசைனர், அவ்வளவுதான். போர்டு வந்து நாலு கோர் கார்ட்டெக்ஸ் ஏ9, 1 ஜிபி ரேம், யாக்டோ லினக்ஸ் (போர்டுக்குன்னு நாமளே கட்டிக்கற லினக்ஸ்), கியூட்டி 6.5 (ஸ்க்ரீன் பண்ற ஃப்ரேம்வொர்க்). ஸ்க்ரீன் முழுக்க அதோட கியூஎம்எல் மொழில எழுதினது, பின்னாடி சி++.

பிரச்சனை என்னன்னா ஆப் ஸ்டார்ட் ஆகி முதல் ஸ்க்ரீன் வர்றதுக்கு 6.4 செகண்டு ஆகுது. லினக்ஸ் பூட் ஆகற நேரம் இதுல சேராது, அது தனி. மில்லுல கரண்ட் ஒரு தடவை டிரிப் ஆனா எல்லா மிஷினும் ஒண்ணா எந்திரிக்கும், ஆபரேட்டருங்க எல்லாம் கறுப்பு ஸ்க்ரீன பாத்துட்டு நிப்பாங்க, அப்புறம் எனக்கு போன் வரும்.

கியூஎம்எல்ல முன்கூட்டியே சி++ ஆக்கி நேட்டிவ் கோடா, அதாவது ப்ராசஸர் நேரா ஓட்டற கோடா, கம்பைல் பண்ணலாம்னு படிச்சேன். சரின்னு பழைய ப்ராஜெக்ட் ஃபைல விட்டுட்டு சிமேக்குங்கற பில்ட் டூலுக்கு மாறி, அதுல கியூட்டி ஆட் கியூஎம்எல் மாட்யூல் கமாண்ட் போட்டு எல்லா ஃபைலையும் அதுல சேத்து பில்ட் பண்ணேன். பில்ட் டைம் நல்லா கூடிருச்சு, பைனரி சைஸும் கூடிருச்சு, அப்ப ஏதோ கம்பைல் ஆகுதுன்னு தெரியுது. ஆனா போர்டுல போட்டு பாத்தா 6.4 செகண்டு 6.4ஆவே நிக்குது. ஸ்டாப்வாட்ச் தப்பான்னு மூணு தடவை பாத்தேன். என்ன தப்பு பண்றேன்? இல்ல இந்த கம்பைலருங்கறதே சும்மா பேருக்கா?

கோட் கேக்காதீங்க, கம்பெனி கோடு, பேஸ்ட் பண்ண முடியாது, என்ன வேணுமோ வாயால சொல்றேன்.

---

டீக்கடை_பெஞ்ச்:

கியூட்டியோட பழைய விட்ஜெட்ஸ்ல எழுதியிருந்தா 2 செகண்டுல வந்திருக்கும் ப்ரோ 😀 இப்ப டிசைனர் கேட்ட அனிமேஷனுக்கு எல்லாம் சேத்து அனுபவிங்க

---

பழைய_ப்ளஸ்ப்ளஸ்:

மேல இருக்கற தம்பி சொல்றத விடுங்க, 2026லயும் இந்த சண்டையா.

முதல்ல ஒண்ண தெளிவு பண்ணிக்கலாம், "கியூஎம்எல் கம்பைலர்"னு ஒரே பேர சொல்லி மூணு வேற வேற சாமான ஆளாளுக்கு பேசறாங்க, அதுலதான் பாதி குழப்பம். நான் கியூட்டி 4.7 காலத்துலேர்ந்து, அதாவது 2010லேர்ந்து இதோட மாரடிக்கறேன். அப்ப கியூஎம்எல்ங்கறது டெக்ஸ்ட் ஃபைல், ஆப் ஓடும்போது அத பார்ஸ் பண்ணி உள்ள இருக்கற ஜாவாஸ்கிரிப்ட்ட ஒரு இன்ஜின்கிட்ட குடுக்கும், அவ்வளவுதான். 5.0ல வி8 போட்டாங்க. 5.2ல அதையும் எடுத்துட்டு வி4னு சொந்தமா ஒண்ணு எழுதினாங்க, ஐபோன்ல ஆப்ஸுக்கு ஜிட் (ஓடும்போதே நேட்டிவ் கோடா மாத்தறது) ஓட்ட அனுமதி கிடையாதுங்கறதால இன்டர்ப்ரெட்டரோடயும் ஓடற இன்ஜின் வேணும்ங்கறது அதுக்கு ஒரு காரணம். 2014ல கியூட்டி குவிக் கம்பைலர்னு வந்துச்சு, காசு குடுத்து லைசென்ஸ் வாங்கினவங்களுக்கு மட்டும், அது நேரா கியூஎம்எல்ல சி++ ஆக்கும். சோர்ஸ் வெளில தெரியாதுங்கறதுக்காகவே வாங்கினவங்களும் உண்டு, வேகத்துக்காக இல்ல. அப்புறம் 5.8ல ஒரு தடவை ஓடினா கம்பைல் ஆனத டிஸ்க்குல சேமிச்சு வெச்சுக்கற கேஷ் வந்துச்சு, 2018ல 5.11 வந்தப்ப பைட்கோட (இன்ஜின் படிக்கற இடைநிலை கோடு) பில்ட் பண்ணும்போதே உருவாக்கி பைனரிக்குள்ள வெக்கற வசதி எல்லாருக்கும் ஃப்ரீயா கிடைச்சுது, கேஷ்ஜென்னு சொல்றது அதைத்தான்.

இதுல நல்லா கவனிங்க, 5.11ல நடந்தது பைட்கோட், நேட்டிவ் கோட் இல்ல. பார்ஸ் பண்ற நேரம் மிச்சம், அவ்வளவுதான். நேட்டிவ்ங்கறது கியூட்டி 6லதான் திரும்ப வந்துச்சு. 6.3லேர்ந்து அதே கேஷ்ஜென் ஒவ்வொரு பைண்டிங்கையும் (ஒரு ப்ராப்பர்ட்டியோட மதிப்ப கணக்கு போடற கோடு) ஒவ்வொரு ஃபங்ஷனையும் தனித்தனியா எடுத்து பாக்கும், உள்ள இருக்கற ஒவ்வொண்ணுக்கும் டைப் என்னன்னு கண்டுபிடிக்க முடிஞ்சா அதுக்கு ஒரு சி++ ஃபங்ஷன் எழுதும், முடியலன்னா கம்முனு விட்டுட்டு பைட்கோடுக்கே போயிடும். எரர் எதுவும் வராது, பில்ட் பச்சையா முடிஞ்சிடும். இதோட அண்ணன் கியூஎம்எல்எஸ்சி, அது கமர்ஷியல் லைசென்ஸ்ல, இன்னும் கொஞ்சம் கூடுதலா கம்பைல் பண்ணும். மூணாவது கியூஎம்எல்டிசி, அது பைண்டிங்க மட்டும் இல்லாம ஃபைல் மொத்தத்தையும் ஒரு சி++ கிளாஸாவே மாத்தறது, ஆப்ஜெக்ட் உருவாக்கறது உட்பட.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். ஸ்டார்ட்டப்ல நேரம் எங்க போகுது? பைண்டிங் கணக்கு போடறதுலயா, ஆப்ஜெக்ட் உருவாக்கறதுலயா? ஒரு ரெக்டாங்கிள், அதுக்குள்ள ஒரு டெக்ஸ்ட், ஒரு மவுஸ்ஏரியா, இப்படி ஆயிரக்கணக்குல நியூ போட்டு, ஒவ்வொண்ணுக்கும் ப்ராப்பர்ட்டி செட் பண்ணி, சிக்னல் கனெக்ட் பண்ணி, இது எல்லாம் கேஷ்ஜென் போட்டாலும் போடாட்டாலும் அதே இன்ஜின் அதே மாதிரிதான் செய்யும். கல்யாண வீட்டுல மசாலா எல்லாம் முந்தின ராத்திரியே அரைச்சு வெச்சாச்சு சரி, இலை போட்டு பரிமாற ஆள் இல்லன்னா பந்தி லேட்டுதான? அதான் கதை.

அதுக்காக பிரயோஜனமே இல்லன்னு இல்ல. ஸ்டார்ட்டப்ல பைண்டிங் பெரும்பாலும் ஒரே ஒரு தடவைதான் ஓடும், ஜிட் ஒரு ஃபங்ஷன் சில தடவை ஓடினப்புறம்தான் கையில எடுக்கும், அதனால ஸ்டார்ட்டப்புக்கு ஜிட்டால உபயோகம் கம்மி, முன்கூட்டியே கம்பைல் ஆன கோடு அங்க ஜெயிக்கும். ஆனா ஒரு மில்லிசெகண்டு கூட குறையலன்னு சொல்றீங்க பாருங்க, அது இடிக்குது. பைட்கோட் கிடைச்சாலே பார்ஸ் டைம் குறையணும். எனக்கென்னவோ உங்க ஆப் கம்பைல் ஆன கோட தொடவே இல்லன்னு தோணுது. மெயின் ஃபைல எங்கேர்ந்து லோட் பண்றீங்க?

---

தறிச்சத்தம்:

அண்ணா இவ்வளவு விளக்கமா யாரும் சொன்னதில்லைங்க, ரொம்ப நன்றி. மெயின் ஃபைல் ரிசோர்ஸ்லேர்ந்துதான் லோட் ஆகுது, கியூஆர்சி பாத்துதான் (பைனரிக்குள்ள வெச்ச ஃபைலோட முகவரி) குடுத்திருக்கேன். ஆப்ஜெக்ட் எத்தனைன்னு எண்ணி பாக்கல. மொத்தம் ஏழு பேஜ் இருக்கு, ஸ்டாக்லேஅவுட்டுக்குள்ள போட்டிருக்கேன், கீழ ஏழு பட்டன், அமுக்கினா பேஜ் மாறும்.

---

மாடித்தோட்டம்:

அண்ணா சொன்னதுல எல்லாம் எனக்கு ஒத்துப்போகுது, நான் வேற ஒரு பக்கம் சொல்றேன். சென்னைல மெடிக்கல் டிவைஸ் டீம்ல இதே வேலைதான் நாலு வருஷமா பாக்கறேன்.

நம்பறத விடுங்க, கண்ணால பாருங்க. பில்ட் ஃபோல்டருக்குள்ள புள்ளி ஆர்சிசினு ஒரு மறைஞ்ச ஃபோல்டர் இருக்கும், அதுக்குள்ள கியூஎம்எல்கேஷ்னு ஒண்ணு. உங்க ஒவ்வொரு கியூஎம்எல் ஃபைலுக்கும் அங்க ஒரு சி++ ஃபைல் உக்காந்திருக்கும். ஒண்ண திறங்க. மேல கியூஎம்எல்டேட்டானு ஒரு பெரிய அர்ரே, வெறும் நம்பர் நம்பரா ஓடும், அதுதான் பைட்கோட், அது எப்பவும் இருக்கும். அதுக்கு கீழ ஏஓடி (முன்கூட்டியே கம்பைல் பண்றது) பில்ட் ஃபங்ஷன்ஸ்னு இன்னொரு அர்ரே. அதுக்குள்ள ஃபங்ஷனா வரிசையா இருந்தா நேட்டிவ் கோட் உண்டு, ஒரே ஒரு காலி என்ட்ரியோட முடிஞ்சிருந்தா அந்த ஃபைல்ல ஒரு பைண்டிங் கூட நேட்டிவ் ஆகலன்னு அர்த்தம். எங்க ப்ராஜெக்ட்ல முதல் தடவை திறந்தப்ப பத்துல ஏழு ஃபைல் காலி! நாங்க என்னவோ முழுசா கம்பைல் பண்ணிட்டோம்னு மீட்டிங்ல ஸ்லைடு போட்டு காமிச்சுட்டோம், அசிங்கமா போச்சு.

ஏன் காலின்னு பாக்க கேஷ்ஜென்னுக்கு வெர்போஸ்னு ஒரு ஆர்கியூமென்ட் குடுக்கலாம், சிமேக்ல டார்கெட் ப்ராப்பர்ட்டியா செட் பண்ணணும், அப்ப ஒவ்வொரு பைண்டிங்கையும் ஏன் விட்டுச்சுன்னு காரணத்தோட சொல்லும். எங்களுக்கு வந்த காரணத்துல முக்காவாசி ஒரே விஷயம்தான், கான்டெக்ஸ்ட் ப்ராப்பர்ட்டி. சி++ பக்கம் செட் கான்டெக்ஸ்ட் ப்ராப்பர்ட்டி போட்டு பேக்எண்ட்னு ஒரு ஆப்ஜெக்ட்ட தள்ளிவிடுவோம்ல, கியூஎம்எல்ல எங்க வேணா பேக்எண்ட் புள்ளி ஸ்பீடுன்னு எழுதுவோம். ஓடும்போது அது இருக்கும். ஆனா பில்ட் பண்ணும்போது கம்பைலருக்கு பேக்எண்ட்ங்கற பேரே தெரியாது, அது என்ன டைப்புன்னு எங்கயும் எழுதி வெக்கல, பாவம் அது என்ன பண்ணும். அந்த பேர தொட்ட அத்தன பைண்டிங்கும் போச்சு.

அத எல்லாம் கியூஎம்எல் எலிமென்ட், கியூஎம்எல் சிங்கிள்டன் மேக்ரோ போட்டு அதே மாட்யூல்ல பதிவு பண்ண டைப்பா மாத்தினோம். மூணு வாரம் ஆச்சு, மேனேஜருக்கு முகம் செவந்து போச்சு. ஆனா அதுக்கப்புறம் கம்பைலருக்கு எல்லாம் கண்ணுல தெரிய ஆரம்பிச்சுது.

அப்புறம் பேரன்ட் புள்ளி பேரன்ட் புள்ளி டைட்டில்னு எழுதற வியாதி. பேரன்ட்டோட டைப் கம்பைலருக்கு வெறும் ஐட்டம், ஐட்டத்துல அகலம் உயரம் எல்லாம் உண்டு, அது சரி, ஆனா டைட்டில்னு ஒண்ணு அதுல கிடையாது, நீங்க உங்க ஃபைல்ல எழுதினது. அதனால பேரன்ட் புள்ளி விட்த் கம்பைல் ஆகும், பேரன்ட் புள்ளி டைட்டில் ஆகாது. ஐடி போட்டு ஐடி வழியா கூப்பிடுங்க, தீந்துது. ப்ராப்பர்ட்டி வார்னு போடறதும் அதே கதி, அது என்ன வேணா இருக்கலாம்னு நீங்களே சொல்லிட்டீங்க, முழு எண்ணுன்னா இன்ட், எழுத்துன்னா ஸ்ட்ரிங்னு போடுங்க. ஃபங்ஷன் எழுதினா உள்ள போறதுக்கும் வெளில வர்றதுக்கும் டைப் எழுதுங்க. லிஸ்ட்வியூ டெலிகேட்டுக்குள்ள (லிஸ்ட்ல ஒவ்வொரு வரியையும் வரையற அச்சு) மாடல் புள்ளி பேருன்னு காத்துலேர்ந்து எடுக்காம ரெக்வயர்ட் ப்ராப்பர்ட்டியா அறிவிங்க. டெலிகேட்லேர்ந்து வெளில இருக்கற ஐடிய தொடணும்னா ஃபைல் மேல காம்பொனென்ட் பிஹேவியர் பவுண்டுனு ஒரு ப்ராக்மா போடணும், இல்லன்னா அதையும் நம்பாது.

ஒண்ணு எனக்கே ரொம்ப நாள் புரியாம இருந்துச்சு. பட்டன், ஸ்லைடர் வெச்சிருக்கற ஃபைல் எல்லாம் ஏன் கம்பைல் ஆகமாட்டேங்குதுன்னு. பாத்தா வெறும் குவிக் கன்ட்ரோல்ஸ்னு இம்போர்ட் பண்ணா எந்த ஸ்டைல்னு ஆப் ஓடும்போதுதான் முடிவாகும், மெட்டீரியலா, ஃப்யூஷனா, பேசிக்கா. அப்ப பட்டன்ங்கறது எந்த பட்டன்னு பில்ட் டைம்ல எப்படி தெரியும்? கன்ட்ரோல்ஸ் புள்ளி பேசிக்னு ஸ்டைல சேத்து இம்போர்ட் பண்ணதும் ஓடிப்போச்சு அந்த பிரச்சனை. உங்க மிஷினுக்கு ஒரே ஸ்டைல்தான இருக்கும், தைரியமா போடுங்க.

இன்னொண்ணு, 6.8க்கு போனீங்கன்னா ஆல் ஏஓடி ஸ்டாட்ஸ்னு ஒரு பில்ட் டார்கெட் இருக்கு, எந்த ஃபைல்ல எத்தனை பைண்டிங் நேட்டிவ் ஆச்சு, எது ஆகல, ஏன்னு மொத்தமா கணக்கு குடுத்துடும், நான் சொன்ன மாதிரி ஃபைல் ஃபைலா திறந்து பாக்க வேணாம்.

ஆனா முதல்ல அண்ணா கேட்டத திரும்ப பாருங்க. கியூஆர்சின்னு சொல்றீங்க, எந்த கியூஆர்சி? பழைய ப்ராஜெக்ட்ல கைல எழுதின ரிசோர்ஸ் ஃபைல் இன்னும் பில்டுல இருக்கா? இருந்தா ஒரே கியூஎம்எல் ஃபைல் ரெண்டு பாத்ல உள்ள இருக்கும், கம்பைல் ஆனது மாட்யூல் பாத்துக்குத்தான் பதிவாகும், நீங்க பழைய பாத்த கூப்பிட்டா இன்ஜின் சோர்ஸ எடுத்து புதுசா பார்ஸ் பண்ணும், ஒரு வார்த்தை கூட சொல்லாது. என்விரான்மென்ட்ல லாக்கிங் ரூல்ஸ் வேரியபிள்ல கியூட்டி புள்ளி கியூஎம்எல் புள்ளி டிஸ்க்கேஷ்ங்கற கேட்டகரிய ஆன் பண்ணிட்டு ஓட்டி பாருங்க.

---

பழைய_ப்ளஸ்ப்ளஸ்:

அருமையா சொன்னீங்கம்மா. இதோட ஒண்ணு சேத்துக்கறேன், யாக்டோன்னு சொன்னதால. பில்ட் பண்ண கியூட்டி வெர்ஷனும் போர்டுல இருக்கற கியூட்டி வெர்ஷனும் அச்சு அசலா ஒண்ணா இருக்கணும். 6.5.2ல பில்ட் பண்ணி போர்டுல 6.5.3 இருந்தாலும் போச்சு, உள்ள வெர்ஷன் செக் இருக்கு, பொருந்தலன்னா அந்த பைட்கோட ஓரமா போட்டுட்டு சோர்ஸுக்கு போயிடும். வெளிலேர்ந்து பாத்தா எல்லாம் ஒழுங்கா ஓடற மாதிரியே இருக்கும், வேகம் மட்டும் இருக்காது. ஒரு இடத்துல இதுக்காக நாலு நாள் உக்காந்திருக்கேன்.

---

தறிச்சத்தம்:

அக்கா, அண்ணா, ரெண்டு பேருக்கும் கோடி நன்றி, கண்டுபிடிச்சுட்டேன், வெக்கமா இருக்கு, இருந்தாலும் சொல்றேன்.

கியூஆர்சினு சத்தியம் பண்ணேன்ல? கோடுல பாத்தா கியூஆர்சிதான். ஆனா அதுக்கு மேல ஒரு இஃப் இருக்கு. டிசைனர் பையன் போர்டுல நேரடியா கியூஎம்எல் ஃபைல மாத்தி மாத்தி பாக்கணும்னு ஒன்றரை வருஷம் முன்னாடி கேட்டான், அதுக்காக ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் செட் ஆகியிருந்தா ஆப்ட் ஃபோல்டர்லேர்ந்து ஃபைல லோட் பண்ணுன்னு நானேதான் எழுதி வெச்சேன். அந்த வேரியபிள் ஆப்ப ஸ்டார்ட் பண்ற சிஸ்டம்டி சர்வீஸ் ஃபைல்ல அப்படியே உக்காந்திருக்கு. ப்ரொடக்ஷன் இமேஜ்ல. ஒன்றரை வருஷமா எல்லா மில்லுலயும் எங்க ஆப் டிஸ்க்குலேர்ந்து டெக்ஸ்ட் ஃபைல படிச்சு பார்ஸ் பண்ணிட்டு இருந்திருக்கு. அதுக்கு மேல கொடுமை, ரூட் ஃபைல்சிஸ்டம் ரீட் ஒன்லி, ஹோம் டைரக்டரின்னு எழுதற இடமே இல்ல, அதனால அந்த டிஸ்க் கேஷும் உருவாகல, ஒவ்வொரு பூட்டுக்கும் ஆனா ஆவன்னாலேர்ந்து ஆரம்பிச்சிருக்கு.

வேரியபிள தூக்கினேன், 5.6 செகண்டு. சந்தோஷம்தான், ஆனா இன்னும் நிறைய இருக்கே. அக்கா சொன்ன கேஷ் ஃபைல்கள திறந்தேன், 41 ஃபைல்ல 30க்கு மேல காலி. பேக்எண்ட் கான்டெக்ஸ்ட் ப்ராப்பர்ட்டிதான் எங்க பாத்தாலும். இத மாத்த உக்காந்தா ஒரு மாசம். வேற வழி ஏதாவது? ஸ்லின்ட்னு வேற ஒரு யூஐ டூல் நேரா நேட்டிவ் ஆகுதாமே, அதுக்கு தாவிடலாமா? இல்ல அண்ணா சொன்ன கியூஎம்எல்டிசி?

---

டீக்கடை_பெஞ்ச்:

41 ஃபைல திருத்த சோம்பேறித்தனப்பட்டு மொத்த ஆப்பையும் வேற டூல்ல திரும்ப எழுதறதா, சூப்பர் ஐடியா ப்ரோ

(சீரியஸா சொன்னா, ஸ்லின்ட் நல்லாதான் இருக்கு, டெமோ பண்ணி பாத்திருக்கேன், அதோட மார்க்அப்ப பில்ட் டைம்ல ரஸ்ட்டாவோ சி++ ஆவோ மாத்திடும், அதுக்குள்ள ஜாவாஸ்கிரிப்டே கிடையாது, முதல்லேர்ந்தே எல்லாத்துக்கும் டைப் உண்டு, அதனால கம்பைல் ஆகுமா ஆகாதாங்கற பேச்சே இல்ல. புது ப்ராஜெக்ட்டுக்கு யோசிக்கலாம்)

---

பழைய_ப்ளஸ்ப்ளஸ்:

தம்பி சொன்னதுதான் சரி, அதுல ஒரு பாடமும் இருக்கு. ஸ்லின்ட் ஆரம்பிச்சதே கியூட்டில பழம் தின்னு கொட்டை போட்டவங்கதான், கியூஎம்எல்ல எது கம்பைலருக்கு குறுக்க நின்னுச்சோ அத மொழிலேர்ந்தே எடுத்துட்டாங்க. கூகுளோட ஃப்ளட்டர்ல பாத்தீங்கன்னா தனி மார்க்அப்பே இல்ல, எல்லாம் டார்ட் மொழி, டெவலப் பண்ணும்போது ஜிட்ல ஓடும், ரிலீஸ் பில்டுன்னா நேட்டிவ். கியூஎம்எல்ங்கறது உள்ள ஜாவாஸ்கிரிப்ட வெச்சுக்கிட்டு பொறந்த குழந்தை, எந்த இடத்துல எந்த பேரு என்னவா இருக்கும்னு ஓடும்போதுதான் தெரியும்ங்கறதுதான் அப்ப அதோட அழகே. சி++ எழுதாமலே டிசைனர் பையன் ஒரு பேஜ் பண்ணிட முடியுதுன்னா அதனாலதான். இப்ப அதுக்கு டைப் போடு, ரெக்வயர்ட் போடு, ப்ராக்மா போடுன்னு கெஞ்ச வேண்டியிருக்கு. சின்ன உதாரணம், ரெண்டு இன்ட்ட கூட்டினா விடை இன்ட்டுன்னு நீங்க நினைப்பீங்க, ஜாவாஸ்கிரிப்ட் விதிப்படி அது வழிஞ்சு போகலாம், அதனால கம்பைலர் எழுதற சி++ல அது டபுளாத்தான் கூட்டும். மொழியோட குணத்த காப்பாத்திட்டே நேட்டிவ் ஆக்கணும்னா இந்த மாதிரிதான் தடவி தடவி போகணும்.

கியூஎம்எல்டிசி உங்களுக்கு வேணாம். 6.3ல டெக் ப்ரிவ்யூவா வந்துச்சு. ஆசையா நானும் ஒரு ஃபைல்ல போட்டு பாத்தேன். சி++ லைப்ரரியா லிங்க் பண்ண முடியற மாட்யூல இம்போர்ட் பண்ணாத்தான் ஒழுங்கா வேலை செய்யும், கியூட்டி குவிக்கும் கியூட்டி கியூஎம்எல்லும் பரவால்ல, கன்ட்ரோல்ஸ் போட்டா சிக்கல். கியூட்டியோட ப்ரைவேட் ஹெடர லிங்க் பண்ணணும், உருவாகற கிளாஸ் அடுத்த பேட்ச் ரிலீஸ்ல அப்படியே இருக்கும்னு எந்த உத்தரவாதமும் குடுக்கறதில்ல. மில்லுக்கு போற சாமான்ல அந்த ரிஸ்க் எடுக்காதீங்க.

41 ஃபைலையும் ஒரே மூச்சுல திருத்தணும்னு யார் சொன்னா? கியூஎம்எல் ப்ரொஃபைலர ஓட்டி ஸ்டார்ட்டப்புல "கிரியேட்டிங்"னு வர்ற பட்டை எவ்வளவு நீளம், "பைண்டிங்"னு வர்றது எவ்வளவுன்னு பாருங்க. ஸ்டாக்லேஅவுட்ல ஏழு பேஜுன்னு சொன்னீங்களே, அப்பவே கேக்கணும்னு நினைச்சேன், ஸ்டாக்லேஅவுட் ஒரு பேஜதான் காட்டும், ஆனா ஏழையும் ஸ்டார்ட்டப்பிலயே உருவாக்கி வெச்சுக்கும். யாரும் பாக்காத ஆறு பேஜுக்கும் சேத்து ஆபரேட்டர் காத்துட்டு இருக்காரு.

---

மாடித்தோட்டம்:

ஆமா ஆமா ஸ்டாக்லேஅவுட்! அத நான் கவனிக்காம விட்டுட்டேன். ஒவ்வொரு பேஜையும் லோடருக்குள்ள (வேணும்ங்கறப்ப மட்டும் உருவாக்கற ஐட்டம்) போட்டு ஆக்டிவ்வ ஃபால்ஸ்னு வெச்சுடுங்க, முதல் பேஜ் மட்டும் ட்ரூ. பட்டன் அமுக்கினதும் ட்ரூ ஆக்குங்க, ஒரு தடவை வந்தா அப்புறம் அப்படியே விட்டுடலாம்.

உங்க ஸ்க்ரீன்ல தமிழ் எழுத்து உண்டா? இருந்தா ஃபான்ட் பக்கமும் ஒரு கண்ணு வைங்க. டெக்ஸ்ட்ட குவிக் டிஃபால்ட்டா டிஸ்டன்ஸ் ஃபீல்டுங்கற முறைல வரையும், ஒவ்வொரு எழுத்து வடிவத்துக்கும் முதல் தடவை அத கணக்கு போட்டு உருவாக்கணும், சின்ன சிபியுல அது தெரியும், இங்கிலீஷுக்கு 26 எழுத்து, நமக்கு கொம்பு, கால், சுழி, புள்ளி வெச்சது எல்லாம் சேத்து வேற வேற வடிவம் நிறைய. அத முன்கூட்டியே உருவாக்கி ஃபான்ட் ஃபைலுக்குள்ளயே வெக்கற ஒரு டூல் கியூட்டில இருக்கு, டிஸ்டன்ஸ் ஃபீல்டு ஜெனரேட்டர். யோசிச்சு பாத்தா அதுவும் முன்கூட்டியே கம்பைல் பண்றதுதான் 🙂 எழுத்து பெருசு சிறுசு ஆகற அனிமேஷன் இல்லன்னா பேசாம நேட்டிவ் ரெண்டரிங் மாத்தி பாருங்க, ஒரே வரி.

---

தறிச்சத்தம்:

பத்து நாள் கழிச்சு அப்டேட் போடறேன், தாமதத்துக்கு மன்னிக்கணும், மில்லுல ஆயுத பூஜை லீவு விட்டப்பதான் போர்டு எல்லாம் மாத்த முடிஞ்சுது.

ப்ரொஃபைலர் ஓட்டினேன். அண்ணா சொன்னது அச்சு அசல், கிரியேட்டிங் பட்டை தண்டவாளம் மாதிரி நீளமா போகுது, பைண்டிங் எல்லாம் நடுவுல ஊசி ஊசியா தெரியுது. லோடர் போட்டதும் 5.6லேர்ந்து 3.1. வெறும் ஒன்றரை மணி நேர வேலை! அடுத்து ஹோம் பேஜ்ல பேக்ரவுண்டா டிசைனர் குடுத்த பிஎன்ஜி, 4000 பிக்சல் அகலம், எங்க ஸ்க்ரீன் 1024தான். அத சுருக்கி, தமிழ் டெக்ஸ்ட்ட நேட்டிவ் ரெண்டரிங் ஆக்கினதுல 2.3. இதுல கம்பைலருக்கு சம்பந்தமே இல்ல.

அப்புறம்தான் அக்கா லிஸ்ட்டுக்கு வந்தேன். ஹோம் பேஜையும் அலாரம் பேஜையும் மட்டும் எடுத்து, பேக்எண்ட்ட சிங்கிள்டன் ஆக்கி, வார் எல்லாத்துக்கும் டைப் போட்டு, டெலிகேட்ல ரெக்வயர்ட் போட்டேன். காலியா இருந்த அர்ரேல ஃபங்ஷன் வரிசையா நிக்கறத பாக்க ஒரு சந்தோஷம்ங்க, ஸ்பிண்டில் ஸ்பீட கலரா மாத்தற என்னோட மூணு வரி ஃபங்ஷன் அங்க நாப்பது வரி சி++ ஆ நிக்குது. ஸ்டார்ட்டப் 2.1 ஆச்சு, பெருசா இல்ல. ஆனா அலாரம் லிஸ்ட் ஸ்க்ரோல் பண்றப்ப முன்னாடி திக்கி திக்கி வரும், இப்ப வழுக்கிட்டு போகுது. ஒவ்வொரு வரி உள்ள வரும்போதும் டெலிகேட்ல பத்து பன்னெண்டு பைண்டிங் ஓடுது, அங்கதான் நேட்டிவ் கோட் தன் வேலைய காட்டுது போல. டைப் போட்டதுல ஒரு உபரி லாபம், ரெண்டு இடத்துல ப்ராப்பர்ட்டி பேர தப்பா எழுதி வெச்சிருந்தேன், இவ்வளவு நாள் அன்டிஃபைன்டா ஓடிட்டு இருந்திருக்கு, லின்ட் (கோட்ல தப்பு தேடற டூல்) இப்ப பிடிச்சுக் குடுத்துச்சு.

முதல்ல மாத்தின மில்லுலேர்ந்து மெயின்டனன்ஸ் அண்ணன் போன் பண்ணாரு. திட்டப்போறாருன்னு எடுத்தா, "தம்பி ஸ்க்ரீன் டக்குனு வருதே, எத கழட்டிவிட்டீங்க, எல்லா பேஜும் இருக்குதா?"ங்கறாரு.

ஒரு சந்தேகம் பாக்கி. டிசைனர் பையன் லைவ்வா மாத்தி பாக்கற வசதி போச்சேன்னு முறைச்சிட்டு திரியறான். டெவலப்மென்ட் இமேஜுக்கு மட்டும் அந்த வேரியபிள வெச்சுட்டு ப்ரொடக்ஷன்ல அந்த இஃப் பகுதியவே கம்பைல் ஆகாம பண்ணலாம்னு இருக்கேன், யாராவது அப்படி பண்ணியிருக்கீங்களா?

---

மாடித்தோட்டம்:

பண்ணியிருக்கோம். சிமேக்ல ஒரு ஆப்ஷன், டிஃபால்ட் ஆஃப், டெவ் இமேஜ் ரெசிபில மட்டும் ஆன். அதோட அந்த மோட்ல ஓடும்போது ஸ்க்ரீன் மூலைல சிவப்பா "டெவ்"னு ஒரு பட்டை வர்ற மாதிரி வெச்சுடுங்க, சர்வீஸ் ஃபைல யாரும் திறந்து பாக்க மாட்டாங்க, சிவப்பு பட்டைய எல்லாரும் பாப்பாங்க.